புளி போட்டுத் தேய்த்த வால்வு

"வளையல் போட்ட கையை அந்தச் சக்கரத்துப் பக்கம் கொண்டு போனா வளையலும் திரும்பாது, கையும் திரும்பாது. ஏன் சார், வேற ஆளே கிடைக்கலியா உங்களுக்கு?"

என்னை வைத்துக்கொண்டே ராவுத்தர் இப்படிக் கேட்டார். மலாயாவில், ஜொகூர் பாரு படகுத்துறைக்கு எதிரே கயிறும் விளக்கும் நங்கூரமும் விற்கிற கடை அவருடையது. அவர் பேச்சை நான் உலோகம் கடைகிற லேத்தின் முன் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் சொல்ல வேண்டியவர் பட்டறைக்குச் சொந்தக்காரரான சாமுவேல் சார். அவரோ கையிலிருந்த அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான்தான் ஜன்னலைக் காட்டினேன். "அதோ கம்பியில தொங்குது பாருங்க பாய். வந்ததும் கழட்டி மாட்டிடுவேன்."

ராவுத்தர் ஜன்னலையும் பார்த்தார், என் வெறும் கையையும் பார்த்தார். "விவரமான புள்ளதான்," என்றார். சந்தேகம் மட்டும் முகத்தை விட்டுப் போகவில்லை.

இதை எழுதும்போது எனக்கு வயது இருபத்தாறு. ஓய்வு பெற்று நினைவுகளை எழுத உட்காரும் வயதில்லைதான். ஆனால் ஆறு வருடம் நான் வேலை பார்த்த பட்டறை போன மாதம் மூடப்பட்டுவிட்டது. நான் படித்த பள்ளியின் பிள்ளைகள் சாலையில் என்னைக் கண்டால் நிறுத்திக் கேட்கிறார்கள்: "அக்கா, நீங்க நிஜமாவே எஞ்சின் செஞ்சீங்களா?" வீதியில் நின்று சொல்லி முடிகிற கதையில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் அப்பாவும் அம்மாவும் பெக்கோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவர்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஜொகூர் பாருவில் சித்தி வீட்டில் தங்கி ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தேன். என் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். அதைப் பார்த்துத்தான் சாமுவேல் சார் என்னை வேலைக்கு வைத்தார். பகலில் அவருக்கு அரசாங்க அலுவலகத்தில் கட்டடப் படம் வரைகிற உத்தியோகம். மாலையில் வீட்டின் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் சின்னச் சின்ன நீராவி எஞ்சின்களுக்கு உறுப்புகள் செய்வார். பினாங்கிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இப்படிப்பட்ட எஞ்சின்களைப் பொழுதுபோக்காகக் கட்டுகிறவர்கள் இருந்தார்கள். திருகாணி, குழாய், பிஸ்டன் என்று வேண்டியதை எழுதிக் கேட்பார்கள். அந்தக் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் படங்களைப் பிரதி எடுப்பதும்தான் முதலில் என் வேலை.

லேத்தைத் தொட எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. தையல் மெஷினைப் போலக் காலால் மிதிக்கிற லேத் அது. சித்தி வீட்டில் மிதித்துப் பழகிய கால்களுக்கு அது சிரமமாக இல்லை. கைதான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சார் பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறவர் இல்லை. பகலில் அலுவலகம் போய்விடுவார். அலமாரியில் ஆங்கிலப் புத்தகங்கள் இருந்தன, மூலையில் வெட்டிப் போட்ட பித்தளைத் துண்டுகள் இருந்தன. அவை போதும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கை எங்கள் தொழிலில் 'தவ்' என்போம். முதன்முதலில் மைக்ரோமீட்டர் கையில் கிடைத்த நாளில் என் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அதில் வைத்துத் திருகினேன். மூன்று தவ். கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒன்றுக்கு எண் இருக்கிறது, அந்த எண்ணை என் விரல் படித்துவிட்டது! சிகரெட் சுருட்டும் தாள், வாழைநாரின் ஓர் இழை, ஈயின் இறகு என்று அன்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அளந்தேன். பள்ளியில் கணக்கு நன்றாகவே வரும் எனக்கு. ஆனால் எண்ணுக்கு உடம்பு உண்டு என்பதை அந்தக் கொட்டகையில்தான் கண்டேன்.

மாலையில் சார் சைக்கிளை நிறுத்திக் கை கழுவிவிட்டு நேரே மேசைக்கு வருவார். தேநீர் பிறகுதான். அன்று நான் செய்து வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்து அளப்பார். சரியாக இருப்பதைப் பச்சைக் கம்பளித் துண்டின் மேல் வைப்பார். தவறியதைப் பால் டின்னுக்குள் போடுவார். டங். அவ்வளவுதான். கோபிக்கமாட்டார், காரணமும் சொல்லமாட்டார். ஒருமுறை பொறுக்கமாட்டாமல், "என்ன தப்பு சார்?" என்று கேட்டுவிட்டேன். "உன்கிட்டயும் மைக்ரோமீட்டர் இருக்கே," என்றார். அதன் பிறகு டின்னுக்குள் கைவிட்டு என் தப்பை நானே எடுத்து அளந்துகொள்வது வழக்கமாயிற்று. அந்த மனிதரிடமிருந்து ஒரு பாராட்டு வாங்க வேண்டும் என்று அப்போதெல்லாம் ஏங்கினேன். பிறகுதான் கம்பளித் துண்டே பாராட்டு என்று புரிந்தது.

ராவுத்தர் வந்தது நான் சேர்ந்த இரண்டாம் வருடத்தில். ஜலசந்தியின் மேல் பாலம் போடுவதற்கு முன்பு, சிங்கப்பூர்க் கரைக்கு ஆட்களை ஏற்றிப்போகிற நீராவிப் படகு ஒன்று அவருக்குச் சொந்தமாக இருந்தது. பாலம் வந்ததும் படகுக்கு வேலை போயிற்று. பழைய இரும்புக்கு விற்றுவிட்டார். படகைத் தள்ளும் சுழலியின் தண்டு ஓடிய வெண்கல வளையம் ஒன்றை மட்டும் கடையில் காகிதத்தின் மேல் பாரமாக வைத்திருந்தார். அதை எங்கள் மேசையில் வைத்து, "இதுலேருந்தே எனக்கு அந்த எஞ்சினைச் சின்னதா செஞ்சு குடுங்க. சிலிண்டருக்கும் வால்வுக்கும் வேற உலோகம் வேணாம். ஊருக்குப் போறேன், அண்ணன் தம்பிங்க பார்க்கணும்," என்றார். நாகூருக்குக் கப்பல் ஏறும் நாளையும் சொன்னார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அவர் போன பிறகு சார் வெண்கல வளையத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"இது முழுக்க உன்னுது. ஓடினா இனி லேத் உனக்கு. ஓடலைன்னா நீ பழையபடி படமும் கடிதமும் பார். லேத்தை நான் சாயங்காலத்துல பார்த்துக்கிறேன்."

அதுவரை நான் செய்ததெல்லாம் திருகாணியும் கைப்பிடியும்தான். ஒரு சாண் உயரமுள்ள எஞ்சின், என் கட்டைவிரல் மட்டும் நுழைகிற சிலிண்டர். அந்த வளையத்தை அறுத்தால் ஒரு சிலிண்டர்க் கட்டையும் ஒரு வால்வும் வரும். இன்னொன்றுக்கு இடமில்லை; மற்ற உறுப்புகளெல்லாம் பட்டறைப் பித்தளையில்.

வால்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சிலிண்டர்க் கட்டையின் ஒரு பக்கத்தைத் தட்டையாக்கி அதில் மூன்று சின்ன வாய்களை வெட்டுவோம். அந்த முகத்தின் மேல், கவிழ்த்த தீப்பெட்டித் தட்டைப் போன்ற வால்வு முன்னும் பின்னும் நழுவும். ஒரு வாயைத் திறந்தால் நீராவி பிஸ்டனை மேலே தள்ளும், மறு வாயைத் திறந்தால் கீழே தள்ளும். வேலை முடிந்த நீராவி நடு வாய் வழியாக வெளியே போகும். இரண்டு முகங்களும் ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் படிய வேண்டும். வாய்களின் ஓரங்கள் கத்திபோல் நிற்க வேண்டும். இல்லையென்றால் நீராவி வேலை செய்யாமலே வெளியேறிவிடும். எஞ்சின் சீறும், சுற்றாது.

கனத்த கண்ணாடித் தகட்டில் எண்ணெயும் மிக நைசான எமரிப் பொடியும் குழைத்து அதன் மேல் அந்த முகங்களை மெல்லத் தேய்த்துத் தட்டையாக்கினேன். வேலை முடிந்த முகம் மின்னாது. மழைக்கு முந்திய வானத்தைப் போல மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். அந்த மங்கல்தான் எங்களுக்கு அழகு. புதன்கிழமை மாலை சார் இரண்டையும் பார்த்துக் கம்பளித் துண்டின் மேல் வைத்தார். சனிக்கிழமை ராவுத்தர் முன்னிலையில் ஓட்டிக்காட்டுவதாக ஏற்பாடு.

வியாழக்கிழமை காலை ரயிலில் அம்மா வந்துவிட்டாள். நான் செய்கிற வேலையை அவள் அதுவரை பார்த்ததில்லை. கொட்டகைக்கு அழைத்துப் போனேன். ஜன்னலில் வளையல் தொங்குவதைப் பார்த்து, "வெறுங்கையா நிக்காதடி, கண்ணுக்கு நல்லாயில்ல," என்று முணுமுணுத்தாள். சனிக்கிழமை பெரிய மனிதர் ஒருவர் என் வேலையைப் பார்க்க வருவதைப் பெருமையாகச் சொன்னேன். கம்பளித் துண்டிலிருந்தவற்றையும் காட்டினேன். பிறகு, அடுப்புக்கு ஸ்பிரிட் வாங்கிவர அவளை அங்கே உட்காரவைத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அம்மா கொல்லைக் குழாயடியில் குந்தியிருந்தாள். ஒரு கையில் தேங்காய் நார். பக்கத்தில் ஊறிய புளி, அது சார் வீட்டு அடுக்களையிலிருந்து வாங்கியது. கொல்லையில் கிடந்த செங்கலை இடித்துத் துணியில் சலித்த பொடி. முகமெல்லாம் வேர்வையும் சிரிப்புமாக இருந்தாள்.

"எவ்ளோ களிம்பு ஏறிக் கெடந்துச்சு தெரியுமா? இதையா பெரிய மனுசனுக்குக் காட்டப்போற? இப்பப் பாருடி!"

பார்த்தேன். சிலிண்டர்க் கட்டையும் வால்வும் கார்த்திகை விளக்குபோல் பளபளத்தன.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்கும்மா," என்றேன். வேறு என்ன சொல்வேன்?

துடைத்து எடுத்துப் போய்க் கண்ணாடியில் நீல மையை மெலிதாகப் பூசி, முகத்தை அதன் மேல் வைத்து எடுத்தேன். எங்கெல்லாம் தொடுகிறதோ அங்கெல்லாம் நீலம் ஒட்ட வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் ஒட்டியது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் வாய்களின் ஓரங்கள் கரைந்த சோப்பைப் போல மழுங்கிக் கிடந்தன.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

சொன்னேன். அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "தேச்சா பித்தளை கெட்டுப்போகுமாடி? இது என்ன கூத்து!" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து மெல்லக் கீழே உட்கார்ந்துவிட்டாள். "வேலையை விட்டு அனுப்பிடுவாங்களா?"

"தெரியலம்மா."

சார் வருவதற்குள் இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தேன். உருப்பெருக்கியில் அந்தப் பளபளப்பின் நடுவே சின்னச் சின்னச் செம்புள்ளிகள் தெரிந்தன. ஒன்றை ஊசி முனையால் கிண்டியெடுத்துக் கண்ணாடியில் வைத்து இழுத்தேன். கண்ணாடி கீறியது. செங்கலிலிருந்த மணல் வெண்கலத்துக்குள் பதிந்திருக்கிறது.

சார் வந்தார், கை கழுவினார், மேசைக்கு வந்தார், பார்த்தார். நீல மை வைத்துத் தானும் ஒருமுறை சோதித்தார். டின்னில் போடவில்லை, கம்பளியிலும் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார். கதவோரம் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நின்ற அம்மாவை அப்போதுதான் கவனித்தார்.

"உங்க அம்மாவா?"

"ஆமா சார்."

"வணக்கம்மா. காப்பி குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "மறுபடியும் கண்ணாடியில போடு. எத்தனை தவ் எடுக்கலாம்?"

"பதினஞ்சு வரைக்கும் போகலாம் சார். அதுக்கு மேல போனா உள்ள இருக்கிற ஆவி வழி திறந்துடும். ஆனா கண்ணாடி வேணாம் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஊசியையும் கண்ணாடிக் கீறலையும் காட்டினேன். "உள்ள மணல் இருக்கு. தேச்சா இன்னும் ஆழமாத்தான் போகும். ஓட ஓட வால்வை அறுத்துடும். மணலோட சேர்த்துச் சீவி எடுக்கணும் சார். சுரண்டணும்."

"லேத் மேடையைச் சுரண்டுறதைப் பார்த்திருக்கேன். இவ்வளவு சின்ன முகத்தை யாரும் சுரண்டி நான் பார்த்ததில்லை."

"நானும் பார்த்ததில்ல சார்."

வெளியே சாரின் சைக்கிள் மணியை யாரோ குழந்தை அடித்துவிட்டு ஓடும் சத்தம் கேட்டது. அவர் வெண்கலத்தைத் துணியில் சுற்றி என் பக்கம் வைத்தார். "பாய் கொண்டு வந்தது இது ஒண்ணுதான். கெட்டா நான்தான் அவருக்குப் பதில் சொல்லணும்," என்றார். பிறகு, "நாளைக்கு எனக்கு ஆபீஸ் இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதுதான் அனுமதி என்பது இரண்டு வருடம் பழகியவளுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு பழைய முப்பட்டை அரத்தின் பற்களைத் தேய்த்து அழித்து, முனையை எண்ணெய்க் கல்லில் தீட்டி, 'சுரண்டி' என்கிற சீவுகத்தி ஒன்றைச் செய்துகொண்டேன். அம்மா சித்தி வீட்டில் இருக்க மறுத்து என்னோடு வந்துவிட்டாள். சுவரோரம் உட்கார்ந்தாள். நீலம் பூசிய கண்ணாடியில் முகத்தை வைத்து எடுப்பது, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சீவுவது, துடைத்து மறுபடியும் வைப்பது. அடுத்த சுற்றில் சீவும் திசையைக் குறுக்காக மாற்றிக்கொள்வது. ஒரு சீவலில் வருகிற வெண்கலம் ஊதினால் பறந்துவிடும். பெருமூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது.

அம்மா எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அடி, இது நம்ம வேலைடி!"

"என்னம்மா?"

"பால் மரத்துல பட்டையை இப்படித்தான் சீவுவோம். மேல் தோல் மட்டும் வரணும். மரத்துல கத்தி பட்டுச்சுன்னா காயம். கங்காணி வாயில வர்றதெல்லாம் கேக்கணும். காயம் பண்ணாம சீவினாத்தான் அடுத்த வருசமும் பால்." கொஞ்சம் நிறுத்தி, "உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினதே சீவுற வேலைக்குப் போகக்கூடாதுன்னுதான். இங்க வந்து நீயும் சீவுற," என்று சிரித்தாள்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். இருட்டுப் பிரிவதற்குள் எழுந்து வெட்டப் போகிற அந்தக் கையைப் பார்த்தேன். அவள் வெட்டிய மரத்தின் பட்டையைத் தோட்டத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கோடு போட்டதுபோல் சரிந்து இறங்கும், ஒரு காயம் இருக்காது. அதில் தவ் கணக்கு இருந்தது என்பது அன்றுவரை எனக்குத் தோன்றவில்லை. மைக்ரோமீட்டர் இல்லாமல் மரத்துக்கு மரம் அதே அளவு எடுத்திருக்கிறாள்!

மதியத்துக்குப் பிறகு நீலம் பரவத் தொடங்கியது. முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பிறகு கேழ்வரகைத் தூவியதுபோல் முகம் முழுவதும். செம்புள்ளி ஒன்றுகூட இல்லை. வாய்களின் ஓரங்கள் மறுபடியும் கத்தியாயின. பதினைந்தில் பதினொரு தவ் போயிருந்தது. வால்வின் முகத்தையும் அதே மாதிரி முடித்தேன். இரண்டையும் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தொட்டு ஒன்றின் மேல் ஒன்றை வைத்து மெல்லத் திருகி அழுத்தினேன். பிறகு வால்வை மட்டும் பிடித்துத் தூக்கினேன். சிலிண்டர்க் கட்டையும் கூடவே வந்தது. ஆட்டிப் பார்த்தும் விழவில்லை.

"கோந்து போட்டியா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நடுவுல காத்து போக இடமில்ல. அதான் ஒண்ணையொண்ணு விடமாட்டேங்குது."

ஆணி இல்லை, கயிறு இல்லை, பசை இல்லை. வெறும் தட்டை. நான் புத்தகத்தில் படித்திருந்தேன், நம்பியதில்லை. அம்மா குனிந்து பார்த்தாள். தொட்டுப் பார்க்கச் சொன்னேன். "வேணாம்டி!" என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை மதியம் ராவுத்தர் கஞ்சி போட்ட சட்டையும் புதுத் தொப்பியுமாக வந்தார். சின்னக் கொதிகலனுக்குத் தண்ணீர் ஊற்றி ஸ்பிரிட் அடுப்பைப் பற்றவைத்தேன். சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அழுத்தமானி முள் அசைந்து முப்பதில் வந்து நின்றதும் குழாயைத் திறந்தேன். எஞ்சின் தண்ணீரைத் துப்பியது, சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றியது, நின்றது.

"அலமாக்! நின்னுடுச்சே!" என்று மலாய்க்காரர்போல் பதறினார் ராவுத்தர்.

சாரைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. உதவிக்கு வரமாட்டார் என்று தெரிந்ததும் என் புத்தி தெளிந்தது. சிலிண்டர் குளிர்ந்திருக்கிறது. உள்ளே போன நீராவி தண்ணீராகிப் பிஸ்டனுக்கு முன்னால் அடைத்துக்கொண்டு நிற்கிறது. அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்துவிட்டு, சக்கரத்தை விரலால் மெல்ல முன்னும் பின்னும் ஆட்டினேன். தண்ணீர் சொட்டியது, பிறகு புகைபோல் வந்தது, பிறகு வெறும் சூடு. வடிகுழாயை மூடினேன். சக்கரம் என் விரலிலிருந்து தானே விலகிப் போயிற்று.

ஓடியது. கண்ணால் பிடிக்க முடியாத வேகத்தில் ஓடியது. ராவுத்தர் வாய்விட்டு ஏதோ ஓதினார்.

"ஓடுறது பெரிசில்ல," என்றார் சார், சுவரை விட்டு நகராமலே. "மெதுவா ஓடட்டும்."

ஒழுகுகிற வால்வால் மெதுவாக ஓட முடியாது. குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடினேன். வேகம் குறைந்தது. இன்னும் மூடினேன். பிஸ்டன் தண்டு ஏறுவது தெரிந்தது, இறங்குவது தெரிந்தது. இன்னும். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் எஞ்சின் யோசித்து யோசித்து ஒரு மூச்சு விட்டது. நிற்கப்போகிறது என்று நினைக்கும்போது மறுபடியும் ஏறியது. கொதித்த தண்ணீரும் மூன்று சின்ன வாய்களும். அதைத் தவிர அங்கே ஒன்றுமில்லை, ஆனால் அது உயிரோடு இருந்தது. அதைச் செய்த நானே குனிந்து அதன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"பாய்," என்றேன் கடைசியில், "உங்க படகு சத்தம் இப்படித்தான் இருக்குமா?"

"என் படகு இவ்ளோ ஒழுங்கா ஓடினதே இல்லம்மா. பாதிக் கடல்ல நின்னுடும். ஆளுங்க என்னைத் திட்டுற சத்தம்தான் பெரிசா கேக்கும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார். "உங்க மவளா?"

"என் மவதான். நான் புளி போட்டுத் தேச்சேன், அவ மறுபடியும் சீவி வெச்சா," என்றாள் அம்மா, ஒளிக்காமல்.

விவரம் கேட்டு ராவுத்தர் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப இதுல பாதி அடுப்படி, பாதி பட்டறைன்னு சொல்லுங்க!" மறுநாள் அந்த எஞ்சின் அவர் மடியிலேயே கப்பல் ஏறியது.

திங்கட்கிழமை காலை கொட்டகைக்குப் போனேன். என் மேசையில் வழக்கமாகக் காத்திருக்கும் கடிதக் கட்டைக் காணவில்லை. சார் ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்து அத்தனைக்கும் தன் கையால் பதில் எழுதியிருந்தார். கட்டடப் படத்தில் கோடு பிசகாத அந்த மனிதரின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். அதற்குப் பிறகு பட்டறை மூடும்வரை கடிதங்களை அவரே எழுதினார். பினாங்கு வாடிக்கையாளர் ஒருவர், பழைய குமாஸ்தாவைத் தயவுசெய்து திரும்ப அழைக்கும்படி கேட்டு எழுதியிருந்தார். சார் அந்தக் கடிதத்துக்குப் பதில் போடவே இல்லை.

போன மாதம் சாருக்கு ஈப்போவுக்கு மாற்றல் வந்தது. லேத்தையும் கம்பளித் துண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மின்விசிறியும் நாற்காலியும் உள்ள ஓர் அலுவலகத்தில் என் கையெழுத்துக்கு வேலை தயாராக இருப்பதாகச் சித்தப்பா சொன்னார். நல்ல மரியாதையான வேலை. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தெப்ராவ் சாலையில் ஒரு கடைவீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து கைமாறி வந்த ஒரு மிதி லேத்தைச் சிமெண்டுத் தரையில் போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. இதுவரை நான் கடைந்ததெல்லாம் மற்றவர்கள் வரைந்த படத்துக்கு. இப்போது சுவரில் ஒட்டியிருக்கும் சின்ன ரயில் எஞ்சின் ஒன்றின் படம் நானே வரைந்தது. ஆறு சக்கரங்களில் நான்கு முடிந்துவிட்டன. ஐந்தாவது லேத்தில் மாட்டியிருக்கிறது.